பழைய துண்டுகளுக்கு அடியில்

…அதிலும் அவள் அதை ஒளித்து வைத்திருந்த இடத்தைப் பார், சலவை இயந்திரத்துக்கு மேலே இருக்கிற அலமாரியில், நாயைத் துடைக்கிற பழைய துண்டுகளுக்கு அடியில், அங்கே யார் கை வைக்கப்போகிறார்கள் என்று நினைத்திருப்பாள், வைக்கவும் மாட்டார்கள்தான், ஆனால் வியாழக்கிழமை லைலுக்கு எண்ணெய் துடைக்க ஒரு கந்தல் வேண்டியிருந்தது, கையை உள்ளே விட்டான், கை பெட்டியில் இடித்தது, இடித்த உடனே தெரிந்துவிட்டது அது என்னவென்று, துப்பாக்கிப் பெட்டியின் மூலை எப்படி இருக்கும் என்று இத்தனை வருஷத்தில் அவன் விரலுக்குத் தெரியாதா... வருகிற புதன்கிழமை அவனுக்குப் பிறந்தநாள். இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது? பெண்டாட்டி ஆசையாகப் பரிசு வாங்கி ஒளித்து வைத்திருக்கிறாள், பல்லை இளித்துக்கொண்டு வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே என்று ஊர் சொல்லும், ஊருக்கென்ன, ஊர் எதைத்தான் சொல்லாது. பரிசாம் பரிசு. கன்னத்தில் ஒன்று வைத்துவிட்டு அதற்கு ரிப்பனும் கட்டிக் கொடுப்பாள் போலிருக்கிறது. ஒன்பது வருஷமாக ஒருத்தன் ஒரு துப்பாக்கியை உட்கார்ந்து உட்கார்ந்து, ராவி ராவி, தேய்த்துத் தேய்த்து, நாலு பேர் மெச்சும்படி ஆக்கி வைத்திருக்கிறான், அவனிடம் போய், போதும்ப்பா, உன்னால் ஆனது இவ்வளவுதான், இந்தா கடையில் செய்தது என்று நீட்டினால் அதற்குப் பெயர் என்ன? லைல் அட்டை மனிதனின் நெஞ்சில் இருந்த ஓட்டையின் மேல் ஒட்டுத்தாளை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினான், அழுத்தின அழுத்தலில் அட்டை பின்னால் வளைந்தது.

அடுத்த ஓட்டை, அடுத்த ஒட்டுத்தாள். சுட்டவனும் அடுத்துச் சுடப்போகிறவனும் தவிர மற்றவர்கள் எல்லாரும் போய் ஓட்டைகளை அடைக்க வேண்டும், அது இங்கே எழுதாத சட்டம், மாரடைப்பு வந்து எழுந்தவன்கூட ஒட்டுத்தாள் சுருளோடு நிற்பான். மேற்கு வர்ஜீனியாவில் மலையைக் குடைந்து நிலக்கரியை எடுத்துக்கொண்டு கம்பெனி போய்விட்டது, பள்ளம் மட்டும் இருக்கிறது, மூன்று பக்கமும் மண் சுவர், எவ்வளவு சுட்டாலும் குண்டு மண்ணுக்குள் போய் அடங்கிவிடும், கிளப்புக்கு இதைவிட என்ன வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆனால் இதுதான் லைலுக்குக் கோயில். ஓடிக்கொண்டே சுடுகிற போட்டி, மணி ஓடும், குறியும் தப்பக் கூடாது, நேரமும் தப்பக் கூடாது. அந்தப் பக்கம் டிரக் விற்கிற கிரேடி இறைச்சி வைத்த பெப்பரோனி ரொட்டியைக் கடித்துக்கொண்டு நிற்கிறான், ஒட்டுத்தாள் ஒட்டுகிற மாதிரி பாவனை பண்ணிக்கொண்டு, இடுப்பில் அந்த வெள்ளிக் கலர் துப்பாக்கி, பொருள் என்னவோ பிரமாதம்தான், யார் இல்லை என்றது, ஆனால் அதில் கிரேடி செய்தது என்ன? பணத்தை எண்ணினான், பெட்டியைத் திறந்தான். வண்டிக்கடையில் கதவைத் திறந்து காட்டி விற்கிறவன் புத்திதான் எல்லாவற்றிலும். காலையில் வந்ததும் வராததுமாக ஆரம்பித்துவிட்டான், "ஏண்டா லைலு, அதுல கம்பெனிக்காரன் வச்சது இன்னும் ஏதாச்சும் மிச்சமிருக்கா? நம்பர் மட்டும்தானா?" எல்லாரும் சிரித்தார்கள். லைலும் சிரித்தான், சிரிக்காவிட்டால் கோபம் என்று சொல்லிவிடுவார்கள், கோபம்தான், ஆனால் சொல்லிவிடக் கூடாது. "பேசாம நல்லதா ஒண்ணை வாங்கித் தொலையேன்டா, அந்தச் சட்டைப்பை ஸ்க்ரூடிரைவருக்கும் கொஞ்சம் ஓய்வு குடு, பாவம்." நீ வாங்கினே, நான் செஞ்சேன் என்று சொல்லியிருக்க வேண்டும். வாய்க்கு வரவில்லை, இப்போது வருகிறது, எப்போதும் ஆள் போன பிறகுதான் வரும்.

செஞ்சேன் என்றால் சும்மாவா. தீயணைப்புக்காரர்கள் மண்டபத்தில் நடந்த குலுக்கலில் அவர்கள் வீட்டுக்கு விழுந்த துப்பாக்கி அது, பிளாஸ்டிக் உடம்பு, போலீஸ்காரனும் பால்காரனும் ஒன்று வைத்திருப்பான், அவ்வளவு சாதாரணம். விசையை இழுத்தால் துருப்பிடித்த கேட்டைத் திறக்கிற மாதிரி கரகரவென்று வரும். முதலில் அதைத்தான் சரிசெய்தான், கொஞ்சம்தான், ஒரு சனிக்கிழமை வேலை, அப்புறம் விசை நன்றாக ஆனதும் குறிமுள் மோசம் என்று தெரிந்தது, குறிமுள் மாறியதும் குழல் ஆடுகிறது என்று தெரிந்தது, அப்புறம் ஸ்பிரிங், அப்புறம் கைப்பிடி, ஒரு பனிக்காலம் முழுக்க நிலவறையில் உட்கார்ந்து சால்டரிங் அயர்னால் புள்ளி புள்ளியாகச் சுட்டான், பிளாஸ்டிக் நாற்றம் வீடு முழுக்க, பெண்டாட்டி ரோண்டா ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு கோட்டோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். ஒவ்வொரு விரலுக்கும் பள்ளம், கட்டைவிரல் உட்கார இடது பக்கத்தில் ஒரு திட்டு, தோட்டா அடுக்குகிற மேகசினைக் கழற்றி விடுகிற பொத்தானைக் கட்டைவிரலுக்கு எட்டும்படி நீட்டி வைத்தது... கையை வைத்தால் கை தானாகப் போய் உட்காரும், உலகத்தில் வேறு எவன் கைக்கும் அது உட்காராது. சுரங்கக்காரன் கொண்டுவருகிற ஹைட்ராலிக் பம்ப்பை வாரம் பூராவும் எவனோ கேட்ட அளவுக்கு லேத்தில் கடைந்து கொடுக்கிறவனுக்கு, தன் அளவுக்கு என்று ஒரே ஒரு பொருள் இருக்கக் கூடாதா? அது அவளுக்குப் பொறுக்கவில்லையா? பொறுக்கவில்லை என்றால் வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே, அவளுக்கு வாய் இல்லையா, ஸ்கூல் பஸ் ஓட்டிக்கொண்டே அறுபது பிள்ளைகளை ஒரே அதட்டலில் உட்கார வைக்கிறவள்.

சரி, வாங்கினதுதான் வாங்கினாள், ஒழுங்காக வாங்கினாளா? அங்கேதான் அவனுக்கு வயிறு எரிகிறது. வியாழக்கிழமை பெட்டியைத் திறந்து கையில் எடுத்தான், முழு இரும்பு உடம்பு, கனம், குளிர்ச்சி, விசையை ஒரு தடவை, காலியாக இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்துவிட்டு ஒரே ஒரு தடவை இழுத்தான்... வெண்ணெய். ஒன்பது வருஷமாக அவன் எங்கே போய்ச் சேர வேண்டும் என்று தேய்த்துக்கொண்டிருந்தானோ அங்கே அது பிறக்கும்போதே வந்து நிற்கிறது. அந்த நிமிஷத்தில் அதைத் தூக்கிக் கொல்லைப்புறத்து ஓடையில் எறிந்திருப்பான், அப்படி ஒரு ஆத்திரம், அழகானதைப் பார்த்து ஆத்திரப்படுகிறவன் என்ன மனுஷன் என்றும் கூடவே ஒரு ஆத்திரம். நல்லவேளை, குறை கண்ணில் பட்டது. கைப்பிடியின் இரண்டு பக்கமும் மெல்லிசுப் பலகை, அவன் உள்ளங்கைக்குள் அது குச்சி மாதிரி காணாமல் போனது, இருபத்திரண்டு வருஷம் கூடப் படுத்தவள், அவன் கை என்ன அளவு என்றுகூடத் தெரியாமல் வாங்கியிருக்கிறாள். இன்னொன்று, இதுதான் உச்சம், மேகசின் பொத்தானை வலது பக்கம் வைத்திருந்தார்கள். கட்டைவிரல் இருப்பது இடது பக்கம், பொத்தான் வலது பக்கம்! எவனோ வாங்கித் திருப்பிக் கொடுத்ததை இவள் தலையில் கட்டிவிட்டான் கடைக்காரன், இல்லை என்றால் கம்பெனியிலேயே எவனோ தூக்கக் கலக்கத்தில் மாட்டியிருக்கிறான், இந்த லட்சணத்துக்குத்தான் இத்தனை விலை, இதுக்குத்தான் கிரேடி மாதிரி ஆட்கள் வாயைப் பிளக்கிறார்கள். லைலுக்குக் கோபத்தோடு கோபமாக ஒரு சந்தோஷமும் வந்தது, அதை மறைப்பானேன். சட்டைப்பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தான். திருகைக் கழற்றினான், பொத்தானைத் திருப்பிச் சரியான பக்கத்தில் மாட்டினான், நாலு தடவை அழுத்திப் பார்த்தான், சுத்தம். பெட்டியை மூடித் துண்டுகளுக்கு அடியில் இருந்தபடியே வைத்தான். அவளிடம் மூச்சு விடவில்லை.

"லைல் கெஸ்லர், நீதான் கண்ணு அடுத்தது," என்று ஓப்பல் கூப்பிட்டாள். நேரம் பார்க்கிற கருவியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிற ஓப்பலுக்கு எழுபது இருக்கும், இந்தப் பள்ளத்துக்கு அவள்தான் ராணி, நிதானம் தவறினவனை அது யாராக இருந்தாலும் வீட்டுக்கு அனுப்பிவிடுவாள், அதையும் கண்ணு என்று சொல்லித்தான் அனுப்புவாள். தோட்டா ஏற்றிக்கொள் என்றாள், ஏற்றினான். தயாரா என்றாள். பீப். கை போனது, துப்பாக்கி வந்தது, கை தானாக உட்கார்ந்தது, இதுதான், இதை எவன் கடையில் வாங்க முடியும், முதல் அட்டை இரண்டு, இரண்டாவது இரண்டு, இடது பக்கம் ஓட்டம், பீப்பாய்க்குப் பின்னால் ஒன்று, விசை விரலின் நினைப்புக்கே விழுகிறது, இதைக் கிரேடி பார்க்கட்டும், இதை ரோண்டா பார்க்கட்டும்... டிக். வெடிக்கவில்லை. டிக் என்று ஒரு ஈனமான சத்தம், பள்ளம் முழுக்கக் கேட்டது. அந்தத் தோட்டாவை உதறிவிட்டு அடுத்ததை ஏற்றினான், சுட்டான், ஓடினான், கடைசி மூலையில் இன்னொரு டிக். முடித்துவிட்டு வந்தபோது அவன் காது சிவந்திருந்தது. "ஸ்பிரிங்கு ரொம்ப இளைச்சுப் போச்சோ? சாப்பாடு போடுறியா அதுக்கு?" என்றான் கிரேடி. விசை லேசாக வேண்டும் என்றால் ஸ்பிரிங் லேசாகத்தான் இருக்க வேண்டும், ஸ்பிரிங் லேசானால் அடி லேசாகும், அது லைலுக்குத் தெரியாதா, தெரிந்துதான் வைத்தான், தோட்டாதான் மட்டம், இந்தத் தடவை வந்த சரக்கே மட்டம், அடுத்த வாரம் ஸ்பிரிங்கை அரைச்சுற்று மட்டும்... ஒரு அரைச்சுற்று. எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, ஒரே ஒரு அரைச்சுற்று பாக்கி, ஒன்பது வருஷமாக ஏதோ ஒரு அரைச்சுற்று பாக்கி.

அப்போதுதான் ரோண்டாவின் நீல வண்டி மேட்டிலிருந்து இறங்கியது. வருவேன் என்று சொல்லியிருந்தாள், வருவேன் என்றால் சாப்பாட்டு நேரத்துக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போவாள் என்று நினைத்திருந்தான், பல மாதமாக இந்தப் பக்கமே தலை காட்டாதவள். நேற்றுக்கூட வீட்டில் இல்லை, பள்ளிக்கூடத்து வாத்தியக் குழுவை வெளியூர் மாட்சுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டு இருட்டித்தான் வந்தாள். புதன்கிழமையானால் ஓப்பல் வீடு, ஓப்பல் வீட்டுக்குப் போயிட்டு வர்றேன் என்பாள், சரி என்பான், இரண்டு பொம்பளைகள் உட்கார்ந்து மெத்தை விரிப்பு தைக்கிறார்களாக்கும் என்று அவனாக நினைத்துக்கொண்டான், கேட்டதில்லை, கேட்க என்ன இருக்கிறது... வண்டி நின்றது. இறங்கினாள். பின் சீட்டுக் கதவைத் திறந்து ஒரு பையை எடுத்தாள். அந்தப் பையின் அடிப்பாகம் கனத்தில் சதுரமாகத் தொங்கியது. இங்கேயா? எல்லார் முன்னாலுமா? புதன்கிழமை வரைக்கும்கூடப் பொறுக்க முடியவில்லையா? இரண்டு டிக் கேட்டு ஊரே சிரித்து முடித்த நேரமாகப் பார்த்து, கிரேடியின் கண் முன்னால், பெட்டியைத் திறந்து நீட்டப்போகிறாள், கிரேடி கையைத் தட்டுவான், ஓப்பல் கட்டிப்பிடிப்பாள், பிறந்தநாள் பாட்டுகூடப் பாடுவார்கள், பாவிகள். கிரேடி அவளைப் பார்த்துக் கையை ஆட்டினான், "கொண்டாந்துட்டியா?" என்று கத்தினான். ஆக, இவனுக்கும் தெரியும்! எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. கூடிப் பேசி வைத்துக்கொண்டு செய்கிறார்கள். இவன்தான் கடையைக் காட்டியிருப்பான், எது நல்லது என்று இவனிடம்தான் போய்க் கேட்டிருப்பாள், கட்டின புருஷனை விட்டுவிட்டு டிரக் விற்கிறவனிடம் போய்.

அவன் சொல்ல வேண்டியதை மனசுக்குள் அடுக்கிக்கொண்டான். இந்தத் தடவை ஆள் போன பிறகு சொல்லப்போவதில்லை. எனக்கு எது வேணும்னு எனக்குத் தெரியும். வேண்டாம், அது குழைவாக இருக்கிறது. நான் செத்தப்புறம் வாங்கிக் குடு. சீ, அது ரொம்ப. அவள் நடந்து வருகிறாள், தொப்பியைக் காதுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, அந்த நடை, பஸ்ஸுக்குள் கடைசி வரிசையில் எவனோ சேட்டை பண்ணுகிறான் என்று எழுந்து போகிற நடை, அவள் ஏதோ தீர்மானத்தில் இருக்கிறாள் என்று அர்த்தம். பக்கத்தில் வந்தாள். சிரித்தாள்கூட. அவ்வளவுதான், அடுக்கி வைத்தது எல்லாம் சரிந்து, வாய்க்கு வந்தது வெளியே வந்துவிட்டது.

"அதை அப்படியே கொண்டு போய்க் கடையில திருப்பிக் குடுத்துடு, ரோண்டா. நான் அதைத் தொட மாட்டேன்."

கிரேடி ரொட்டியை மெல்லுவதை நிறுத்தினான். ரோண்டா புரியாமல் அவனைப் பார்த்தாள், அப்புறம் பையைப் பார்த்தாள், அப்புறம் மறுபடி அவனைப் பார்த்தாள், இந்தத் தடவை புரிந்துவிட்டது.

"உன்னை யாரு தொடச் சொன்னா?"

"என் பிறந்தநாளுக்குன்னு..."

"உன் பிறந்தநாளுக்குச் சட்டை எடுத்திருக்கேன்," என்றாள் ரோண்டா. "இது என்னோடது."

யாரோ இருமினார்கள். ஓப்பல் மட்டும் எதுவுமே நடக்காத மாதிரி கையிலிருந்த பெயர் அட்டையைப் பார்த்து, "ரோண்டா கெஸ்லர், பெல்ட்டைக் கட்டிக்க கண்ணு, ரெண்டு பேருக்கு அப்புறம் நீ," என்றாள், பெயர் ஏற்கெனவே அதில் இருந்திருக்கிறது. ரோண்டா பாதுகாப்பு மேஜைக்குப் போனாள், தோட்டா இல்லாமல் துப்பாக்கியை வெளியில் எடுக்க அனுமதி உள்ள ஒரே இடம் அது, பையிலிருந்து பெல்ட்டை எடுத்துக் கட்டினாள். உறை இடது பக்கத்து இடுப்பில் இருந்தது. இடது பக்கத்தில். லைல் அந்த இடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றான். அவள் இடது கைக்காரி. அது அவனுக்குத் தெரியாதா என்ன, இருபத்திரண்டு வருஷமாகச் சாப்பாட்டு மேஜையில் இடது ஓரத்து நாற்காலி அவளுடையது, வேறு எங்கே உட்கார்ந்தாலும் முழங்கை இடிக்கும், அவன்தான் முதல் வருஷமே முணுமுணுத்து அவளை அங்கே நகர்த்தினான், அப்புறம் இடிக்கவில்லை, இடிக்காததால் மறந்துவிட்டது, ஒரு மனுஷி எந்தக் கைக்காரி என்பது மறந்து போகுமா, போகிறதே... இடது கையால் பிடித்தால் கட்டைவிரல் எந்தப் பக்கம் வரும்? அவன் தன் இடது கையைத் தூக்கி, இல்லாத துப்பாக்கி ஒன்றைப் பிடித்துப் பார்த்தான். கட்டைவிரல் வலது பக்கம் வந்தது. மெல்லிசுப் பலகை, சின்ன உள்ளங்கை. கடைக்காரன் தலையில் கட்டவில்லை, கம்பெனியில் எவனும் தூங்கவில்லை, கேட்டு, சொல்லி, தன் கைக்கென்று மாற்றி வாங்கியிருக்கிறாள். வியாழக்கிழமை இவன் நாலு தடவை அழுத்திப் பார்த்துச் சுத்தம் என்றானே. இதுவும் கோபம்தான் என்று அவன் தனக்குள் சொல்லிக்கொண்டான், பின்னே, ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இவன் ஏன் கை வைக்கப்போகிறான்? சொன்னாளா? இப்போது போய்ச் சொல்ல வேண்டும். ரோண்டா, அந்தப் பொத்தானை... எப்படிச் சொல்வது, தொட மாட்டேன் என்று ஊர் கேட்கக் கத்தினவன், இப்போது மேஜைக்குப் போய்க் காதோரமாக, நான் தொட்டுட்டேன் என்றா? கிரேடி பார்த்துக்கொண்டிருக்கிறான். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். முதல் ஆள் சுட்டு முடித்தான். எல்லாரும் ஒட்டப் போனார்கள், லைலும் போனான், ஒட்டினான், வந்தான். இரண்டாவது ஆள் முடித்தான். இப்போதாவது சொல்ல வேண்டும், காலை எடுத்து வைக்க வேண்டும், அவ்வளவுதான், பத்தடிகூட இல்லை... கால் வரவில்லை.

"தோட்டா ஏத்திக்கிட்டுத் தயாராகு, கண்ணு," என்றாள் ஓப்பல். மேகசின் உள்ளே போனது, அதற்குப் பொத்தான் தேவையில்லை. அவள் நின்ற விதம்... எங்கே கற்றாள் இதை? புதன்கிழமைகள். தோள் இறங்கி, முழங்கால் மடங்கி, தாடை இறுகாமல். பீப். அவள் கை போன வேகத்தைப் பார்த்து எவனோ விசில் அடித்தான். இரண்டு, இரண்டு, ஓட்டம், பீப்பாய்க்குப் பின்னால் ஒன்று, ஒரே தாளம், டிக் இல்லை, தடுமாற்றம் இல்லை. பாதி தூரத்தில் மேகசின் காலியானது. இடுப்பிலிருந்து புது மேகசினை வலது கை உருவியது, இடது கட்டைவிரல் பொத்தான் இருக்க வேண்டிய இடத்தை அழுத்தியது, அங்கே வழவழவென்று இரும்பு மட்டும்தான் இருந்தது. மறுபடி அழுத்தினாள். விழவில்லை. மணி ஓடிக்கொண்டிருக்கிறது, லைலின் கட்டைவிரல் அவன் தொடையில் தானாக அழுந்தியது, இந்தப் பக்கம், இந்தப் பக்கம் ரோண்டா, நான் மாத்திட்டேன், இந்தப் பக்கம்... அவள் குனிந்து பார்க்கவில்லை. ஒரு கணம் நின்றாள், பிடியை உருட்டி, விசையை இழுக்கிற அந்த ஆள்காட்டி விரலை எதிர்ப்பக்கத்துக்கு வளைத்து ஒரு குத்துக் குத்தினாள், மேகசின் தொப்பென்று விழுந்தது. அந்த விரல் வித்தை. லைலுக்கு அது தெரியும், எங்கேயோ பார்த்திருக்கிறான், எங்கே... சொந்தத் துப்பாக்கியில். அவன் கட்டைவிரலுக்காக நீட்டி வைத்த பொத்தானை ரோண்டா அப்படித்தான் குத்துவாள், விரலைத் திருகிக்கொண்டு, இடது பக்கத்துத் திட்டு அவள் விரலை அறுக்கும், அது ஒரு மாதிரியா இருக்கு லைல் என்றாள் ஒரு தடவை, பழகிடும் என்றான் இவன். அப்புறம் அவள் வருவதை நிறுத்திவிட்டாள். அவளுக்கு ஆர்வம் போயிடுச்சு என்று கிரேடியிடம் இவன்தான் சொன்னான், எல்லாரிடமும் சொன்னான், பொம்பளைகளுக்கு எத்தனை நாளைக்கு என்று சேர்த்துச் சொல்லிச் சிரித்தான்.

தீயணைப்புக்காரர்கள் மண்டபத்தில் மேடையிலிருந்து வாசித்தது யாருடைய பெயர்? அவர்கள் வீட்டுக்கு விழுந்தது, அவர்கள் வீட்டுக்கு விழுந்தது என்று இத்தனை நாளும் சொல்லிக்கொண்டு... சீட்டு அவள் வாங்கினது. மடியில் தட்டோடு எழுந்து கத்தினாள், மீன் துண்டு தரையில் விழுந்தது. என் துப்பாக்கி என்றாள் அன்றைக்கு வண்டியில் வீடு வரும் வரைக்கும். விசை கரகரங்குது, கொண்டா, உனக்குக் கொஞ்சம் சரி பண்ணித் தர்றேன் என்று இவன் வாங்கினான். உனக்கு என்றுதான் சொன்னான். ஒரு சனிக்கிழமை வேலை.

ஓப்பல் நேரத்தைச் சொன்னாள், மேகசின் விழாமல் போன நேரத்தைக் கழித்தால் லைலை முந்தியிருப்பாள், அதைச் சேர்த்தும், இரண்டு டிக்கில் நேரம் இழந்த அவனுக்குக் கொஞ்சம்தான் பின்னால். யாரும் கிண்டல் பண்ணவில்லை. கிரேடிகூட, "அடிச்சே பாரு!" என்று மட்டும் சொன்னான், லைலைத் திரும்பிப் பார்க்கவில்லை, திரும்பிப் பார்த்து ஏதாவது ஒன்று சொல்லித் தொலைத்திருந்தால் தேவலை, கோபப்பட ஒரு ஆள் கிடைத்திருப்பான். எல்லாரும் ஒட்டப் போனார்கள். ஒட்டுத்தாள் சுருளோடு போன லைல், அவள் சுட்ட முதல் அட்டையின் முன் நின்றான், நெஞ்சுக்கு நடுவில் இரண்டு ஓட்டைகள், ஒரே ஒட்டுத்தாளில் இரண்டும் அடங்கின.

திரும்பி வந்தபோது அவள் பாதுகாப்பு மேஜையில் நின்றாள், துப்பாக்கி முன்னால் கிடந்தது. விரல்நுனியால் அந்தப் பொத்தானைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தான். கத்தினால் திருப்பிக் கத்தலாம், ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் ஏன்டி கை வைக்கப்போறேன், திருட்டுத்தனமா துண்டுக்கு அடியில ஒளிச்சு வச்சா... துண்டுக்கு அடியில். அந்த வார்த்தையில் வந்து மாட்டிக்கொண்டு நின்றான். புதன்கிழமைகளை அவள் ஒளிக்கவில்லை, ஓப்பல் வீடு என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுத்தான் போனாள். கிரேடிக்குத் தெரியும், ஓப்பலுக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். வீட்டில் அவள் ஒளித்தது அந்தப் பெட்டி ஒன்றைத்தான். எதற்காக ஒளித்தாள் என்று மூன்று நாளாக அவன் ஒரு கணம்கூட வேறு மாதிரி யோசிக்கவில்லை, பிறந்தநாள், ஆச்சரியம், பரிசு... பரிசை ஒளிக்கிறவள் ஒரு நாள் எடுத்துக் கொடுப்பதற்காக ஒளிப்பாள். இவள், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் மருந்து பாட்டிலை மேலே வைக்கிற மாதிரி வைத்திருக்கிறாள். அப்படியும் எட்டிவிட்டது.

"என்னன்னு பார்க்கறேன், குடு," என்றான். குரல் தாழ்ந்துதான் வந்தது. ஸ்க்ரூடிரைவர் எப்போது சட்டைப்பையிலிருந்து கைக்கு வந்தது என்று அவனுக்கே தெரியாது, இன்னொரு கை துப்பாக்கிக்காக நீண்டிருந்தது.

ரோண்டா அந்த நீண்ட கையைப் பார்த்தாள். துப்பாக்கியை எடுக்கவில்லை. தன் இடது உள்ளங்கையை விரித்து அவனுக்கு முன்னால் நீட்டினாள்.

"ஸ்க்ரூடிரைவரைக் குடு."

கொடுத்தான். அவள் குனிந்து திருகைக் கழற்றினாள், பொத்தானை எடுத்து உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், நிதானமாக வலது பக்கத்தில் பொருத்தினாள். ஓப்பல் அடுத்த ஆளைக் கூப்பிடுகிறாள், கிரேடி எதற்கோ சத்தமாகச் சிரிக்கிறான், லைலின் உள்ளங்கை வெறுமனே இருந்தது, அது தானாகப் போய் இடுப்பில் இருந்த பிடியின் மேல் உட்கார்ந்தது, ஒவ்வொரு விரலும் அதனதன் பள்ளத்தில், கட்டைவிரல் திட்டில், உலகத்தில் வேறு எவர் கைக்கும் உட்காராத பிடி. அவள் திருகை முடுக்கிக்கொண்டிருந்தாள். ரொம்ப முடுக்குகிறாள், அதை அவ்வளவு முடுக்கக் கூடாது, மரை போய்விடும், ஒரு அரைச்சுற்று தளர்த்த வேண்டும் என்று சொல்ல லைல் வாயைத் திறந்துவிட்டான், ரோண்டா தலை நிமிராமல், அவன் சொல்லட்டும் என்று காத்திருந்தாள்.